தோண்டும் முன் கேட்க வேண்டும்: கோலியனூர் விவசாயிக்குச் சட்டம் தந்துள்ள இடம்

கழனியில் ஒரு போர் போடுவதென்றால் நாம் எத்தனை யோசிக்கிறோம்! நீரோட்டம் பார்ப்பவரை அழைக்கிறோம். பக்கத்துக் கழனிக்காரரிடம் எத்தனை அடியில் தண்ணீர் கிடைத்தது, நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா என்று விசாரிக்கிறோம். ஒரு ஜோடி மாடு பிடிக்கப் போனாலும் பல்லைப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகு பல்லைப் பிடித்துப் பார்ப்பவர் யாரும் இல்லை.

அரசாங்கத்துக்கும் இப்படி ஒரு கடமை உண்டு. ஆற்றில் மணல் குவாரி, பெரிய சாலை, சுரங்கம், எண்ணெய்க் கிணறு, ரசாயனத் தொழிற்சாலை என்று எதைத் தொடங்குவதானாலும் அதனால் மண், தண்ணீர், காற்று, பயிர், மனிதர் ஆகியவற்றுக்கு என்ன ஆகும் என்று முதலில் பார்க்க வேண்டும். இதற்குச் 'சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு' என்று பெயர். பெயர்தான் பெரியது. விஷயம் மாடு பிடிப்பது போன்றதுதான்.

கோலியனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சிரித்தார். "அதெல்லாம் சரிங்க. ஆத்துல மணல் அள்றப்போ நம்மள யாருங்க கேட்டாங்க? லாரி வந்து வரிசையா நின்னப்புறம்தான் நமக்கே தெரியுது" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. சில வகை வேலைகளுக்கு நம்மைக் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சிலவற்றுக்குக் கேட்க வேண்டியதில்லை என்றும் இருக்கிறது. எது எதில் நமக்கு இடம் உண்டு, அந்த இடத்தில் போய் நின்று என்ன பேசுவது என்பதை ஒவ்வொரு சிறு விவசாயியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆற்று மணலும் நம் கிணறும்

தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோயிலூர் வழியாக நம் மாவட்டத்துக்கு வந்து, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. வருஷத்தில் பல மாதம் இந்த ஆற்றில் மேலே தண்ணீர் ஓடுவதில்லை. ஆனால் மணலுக்குள் தண்ணீர் நிற்கிறது. மணல் ஒரு பஞ்சு மெத்தை போல. வெள்ளம் வரும்போது குடித்து வைத்துக்கொண்டு, பிறகு இரு கரைக் கிணறுகளுக்கும் மெள்ள மெள்ள விடுகிறது. நெல், கரும்பு, மல்லாட்டை என்று நாம் பயிர் வைப்பதற்கு இந்த ஊற்றும் ஒரு ஆதாரம்.

மணலை அளவுக்கு மேல் அள்ளினால் மூன்று காரியம் நடக்கும். முதலாவது, தண்ணீரைப் பிடித்து வைக்கும் மெத்தை மெலிந்துபோகும். கரையோரக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கும். இரண்டாவது, ஆற்றின் தரை தாழ்ந்துபோகும். நம் பாசன வாய்க்கால்களின் தலைப்பு முன்பு இருந்த உயரத்திலேயே இருக்கும், ஆறு மட்டும் கீழே போயிருக்கும். சாதாரணத் தண்ணீர் வாய்க்காலில் ஏறாது, பெருவெள்ளம் வந்தால்தான் ஏறும். மூன்றாவது, பாலம், அணைக்கட்டு, தடுப்பணை இவற்றின் அடித்தளம் வெளியே தெரியத் தொடங்கும். கடலோரப் பகுதிகளில் இதோடு உப்பு நீர் உள்ளே ஏறும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

1950-ல் கட்டப்பட்டுப் பல வாய்க்கால்களுக்குத் தண்ணீர் பிரித்துக் கொடுத்த எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது நமக்கு நினைவிருக்கும். அதற்கு முன், 2020-ல் சுமார் 25 கோடி ரூபாயில் கட்டி முடித்த தளவானூர் தடுப்பணை 2021 ஜனவரியிலேயே உடைப்பெடுத்தது. இவை உடைந்ததற்கு மணல்தான் காரணம் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வெள்ளம், கட்டுமானம் என்று பல காரணங்கள் பேசப்பட்டன. ஆனால் ஆற்றுக்குள் எதைச் செய்தாலும், எதைக் கட்டினாலும், அந்த இடத்து மண்ணையும் நீரோட்டத்தையும் முன்கூட்டியே சரியாகப் பார்க்காவிட்டால் நஷ்டம் எங்கே வந்து விழும் என்பதை இந்த இரண்டும் காட்டின. வாய்க்கால் கடைசியில் இருப்பவரின் கழனியில்தான் விழும்.

மணல் எடுப்பதும் அரசு, அனுமதிப்பதும் அரசு

தமிழ்நாட்டில் 2003 அக்டோபர் முதல் ஆற்று மணல் குவாரியைத் தனியாருக்கு ஏலம் விடுவது நின்று, அரசே நடத்தும் முறை வந்தது. குவாரிக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிப்பதும் ஒரு அரசுத் துறை, விண்ணப்பத்தைப் பரிசீலித்து அனுமதி கொடுப்பதும் அரசு அமைத்த ஒரு ஆணையம். விண்ணப்பிப்பவர் அரசு என்பதால் மதிப்பீடு வேண்டாம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. தனியார் ஆலைக்கு என்ன விதியோ அதே விதிதான் அரசுக்கும். இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 'கவர்ன்மெண்டு வேலை, நாம் என்ன கேட்பது' என்று ஒதுங்கிப் போக வேண்டியதில்லை.

இந்தச் சட்டம் வந்த கதை

செய்வதற்கு முன் பார்க்க வேண்டும் என்ற கடமையை அரசாங்கத்தின் மேலேயே முதலில் சுமத்திய நாடு அமெரிக்கா. 1970 ஜனவரி 1-ந் தேதி அங்கே தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் கையெழுத்தானது. மத்திய அரசின் எந்த இலாகாவும் சூழலைப் பெரிதாகப் பாதிக்கக்கூடிய வேலையைத் தொடங்கும் முன், என்ன பாதிப்பு வரும், வேறு வழி உண்டா என்பதை விவரமாக எழுதி வைக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

1972-ல் ஸ்டாக்ஹோம் நகரில் ஐ.நா. சபை கூட்டிய சுற்றுச்சூழல் மாநாட்டில் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். அதன் பிறகு 1976-ல் நம் அரசியல் சட்டத்தில் 42-வது திருத்தம் வந்தது. சூழலையும் காடுகளையும் காப்பது அரசின் பொறுப்பு என்று 48-ஏ பிரிவும், அது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 51-ஏ பிரிவும் சேர்க்கப்பட்டன.

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அதையடுத்து 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின் கீழ் 1994 ஜனவரி 27-ல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வெளியானது. 1997-ல் பொதுமக்கள் கருத்துக் கேட்பு அதில் சேர்ந்தது. 2006 செப்டம்பர் 14-ல் பழைய அறிவிக்கைக்குப் பதிலாகப் புதியது வந்தது. பல திருத்தங்களுடன் இன்று நடப்பில் இருப்பது இதுதான்.

முன்கூட்டிப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். வடக்கே பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நீர் ஆற்றிலும் நிலத்திலும் கலந்து, கிணறுகளும் கழனிகளும் கெட்டுப் போயின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஆபத்து வரக்கூடும் என்றால் முன்னெச்சரிக்கையாகத் தடுக்க வேண்டும், கெடுத்தவரே நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும் என்பவை இந்த நாட்டின் சட்டம் என்று நீதிமன்றம் சொன்னது. தன் தொழிலால் கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் செய்பவருக்கே உண்டு என்றும் சொன்னது. நஷ்டஈடு பெரும்பாடு பட்டுத்தான் கிடைத்தது. கெட்ட கிணறு நஷ்டஈட்டினால் நல்ல கிணறு ஆகிவிடவில்லை.

மதிப்பீடு எப்படி நடக்கிறது?

திட்டங்களை 'ஏ' என்றும் 'பி' என்றும் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். 'ஏ' வகைக்கு டில்லியில் உள்ள மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி தர வேண்டும். 'பி' வகைக்குச் சென்னையில் உள்ள மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் தர வேண்டும். 'பி' வகையிலும் பி-1, பி-2 என்று இரண்டு உண்டு. பி-1 என்றால் மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்க வேண்டும், பொதுவாக மக்களிடம் கருத்தும் கேட்க வேண்டும். பி-2 என்றால் இரண்டும் வேண்டியதில்லை. ஆகவே ஒரு திட்டம் எந்த வகையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நமக்கு அங்கே நாற்காலி உண்டா, இல்லையா என்பது அதிலேயே முடிவாகிவிடுகிறது.

அறிக்கை தயாரிப்பது யார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனம் ஒன்று தயாரிக்கிறது. அதற்குக் கூலி கொடுப்பவர் திட்டத்தைக் கொண்டுவருபவர். மாடு விற்பவரே தரகருக்குக் கூலி கொடுத்தால் தரகர் மாட்டின் குறையைச் சொல்வாரா? சொல்பவரும் இருக்கலாம். ஆனால் வாங்குகிறவர் தன் கண்ணாலும் பார்த்துக்கொள்வதே நல்லது. அறிக்கையில் 'இப்பகுதியில் நிலத்தடி நீர் போதுமான அளவு உள்ளது' என்று ஒரு வரி இருக்கும். அது சரியா தப்பா என்று அந்த ஊர் விவசாயியைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்? அதற்காகத்தான் கருத்துக் கேட்புக் கூட்டம்.

கருத்துக் கேட்புக் கூட்டம்: உங்கள் உரிமைகள்

1. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். பத்திரிகை போகாத ஊர்களில் தண்டோரா போட்டாவது, ரேடியோவில் சொல்லியாவது தெரிவிக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது.

2. வரைவு அறிக்கையும் அதன் சுருக்கமும் கலெக்டர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், ஊராட்சி ஒன்றிய அலுவலகம் போன்ற இடங்களில் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். ஆபீஸ் நேரத்தில் போய்ப் பார்க்கலாம். யாரும் தடுக்க முடியாது.

3. கலெக்டரோ, கூடுதல் கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை வகிக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பிரதிநிதி உடன் இருக்க வேண்டும்.

4. வந்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்கவும் கருத்துச் சொல்லவும் வாய்ப்புத் தர வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்குக் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே எழுதப்படும். நாம் போகாமல் இருந்தால் 'ஆட்சேபணை இல்லை' என்ற பொருள்தான் வரும்.

5. நடவடிக்கை முழுவதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். பேசியவற்றின் குறிப்பைக் கூட்டத்தின் முடிவில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். உங்கள் கருத்து விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள்.

6. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் எழுத்து மூலம் அனுப்பலாம். மனுவில் ஒரு நகலை வைத்துக்கொண்டு, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தக் கூட்டம் ஓட்டெடுப்பு கிடையாது. எத்தனை பேர் வேண்டும் என்றார்கள், எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள் என்று எண்ணி முடிவெடுப்பதில்லை. சொல்லப்பட்ட ஒவ்வொரு முக்கியமான ஆட்சேபணைக்கும் திட்டக்காரர் தன் இறுதி அறிக்கையில் பதில் எழுத வேண்டும் என்பதே விதி. ஆகவே 'ஒழிக' என்று கோஷம் போட்டுவிட்டு வந்தால் பதில் எழுத வேண்டிய வேலை அவருக்கு மிச்சம். 'என் கிணற்றில் போன சித்திரையில் இத்தனை அடியில் தண்ணீர் இருந்தது, இந்தச் சித்திரையில் இத்தனை அடிக்குப் போய்விட்டது, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?' என்று கேட்டால் அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மணல் குவாரிக்கு நம்மைக் கேட்க வேண்டுமா?

முன்பு 5 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 12 ஏக்கர் 35 சென்டுக்கு உட்பட்ட குவாரிகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லாமல் இருந்தது. பெரிய இடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டினால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. 2012 பிப்ரவரி 27-ல் உச்ச நீதிமன்றம் அரியானா மாநில வழக்கு ஒன்றில் இந்த ஓட்டையை அடைத்தது. 5 ஹெக்டேருக்குக் குறைந்தாலும் அனுமதி பெற்றே ஆக வேண்டும் என்று உத்தரவிட்டது.

2016 ஜனவரியில் மத்திய அமைச்சகம் விதியைத் திருத்தி, 25 ஹெக்டேர் வரை பி-2 வகையில் வைத்தது. இதை எதிர்த்த வழக்கில் 2018 செப்டம்பர் 13-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 5 முதல் 25 ஹெக்டேர் வரை உள்ள குவாரிகளுக்கும் மதிப்பீட்டு அறிக்கையும் மக்கள் கருத்துக் கேட்பும் வேண்டும் என்றது. அருகருகே பல குவாரிகள் கூட்டமாக இருந்தால் அவற்றுக்கும் அப்படியே என்றது. ஒரு குவாரியின் எல்லைக்கும் இன்னொன்றின் எல்லைக்கும் இடையே 500 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் கூட்டம் என்று கணக்கு.

5 ஹெக்டேருக்குக் கீழே தனியாக இருக்கும் குவாரிக்கு அனுமதி வேண்டும், ஆனால் கருத்துக் கேட்பு வேண்டியதில்லை. எனவே நம் பக்கத்தில் குவாரி வருகிறது என்று காதில் விழுந்தால் பரப்பளவைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். 4.9 ஹெக்டேர், 4.95 ஹெக்டேர் என்று இருந்தால் 500 மீட்டருக்குள் வேறு குவாரி உண்டா என்று கிராமக் கணக்கு வரைபடத்தை வைத்துப் பாருங்கள். இருந்தால் உங்களைக் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம்.

நாற்காலி எடுக்கப்பட்ட இடங்கள்

2018 அக்டோபரில் மத்திய அரசு எண்ணெய், எரிவாயு தேட வேதாந்தா நிறுவனத்துக்குப் பகுதிகளை ஒதுக்கியது. அவற்றில் ஒன்று மரக்காணம் தொடங்கிப் புதுச்சேரி, கடலூர்க் கரை வரை நீண்டது. 2019 ஜூன் 23-ல் மரக்காணத்திலிருந்து ராமேசுவரம் வரை மக்கள் கைகோத்து நின்றார்கள். அப்போது எண்ணெய்த் தேடல் கிணறு 'ஏ' வகையில் இருந்தது. 2020 ஜனவரி 16-ல் அமைச்சகம் ஒரு திருத்தம் செய்து, தேடல் கிணறுகளைப் பி-2 வகைக்கு மாற்றியது. அத்துடன் மதிப்பீட்டு அறிக்கையும் மக்கள் கருத்துக் கேட்பும் போய்விட்டன. எண்ணெய் கிடைத்து உற்பத்திக்குப் போகும்போதுதான் மறுபடி நம்மைக் கேட்பார்கள்.

அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டசபை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்களும் அதன் பட்டியலில் இடம்பெற்றன. விழுப்புரம் மாவட்டம் அதில் இல்லை. டெல்டா விவசாயிக்குக் கிடைத்த அந்த வேலி நமக்குக் கிடையாது. நமக்கு உள்ளது பொதுவான மதிப்பீட்டு விதி ஒன்றுதான். அதனால் அதை நாம் அதிகம் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

சாலை விஷயமும் இப்படித்தான். கோலியனூர் கூட்டுச்சாலையைச் சுற்றி ரோடு அகலமானதை நாம் பார்த்தோம். 2013 ஆகஸ்டு திருத்தப்படி, இருக்கிற தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்துவது 100 கிலோமீட்டருக்கு மேற்பட்டு, குறிப்பிட்ட அகலத்துக்கு மேல் புதிதாக நிலம் எடுத்தால்தான் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. சென்னை - சேலம் எட்டு வழிச் சாலை வழக்கில் 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம், நிலம் எடுக்க அறிவிப்புக் கொடுக்கும் முன் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றிருக்க வேண்டியதில்லை, சாலை வேலை தொடங்கும் முன் பெற்றால் போதும் என்று சொன்னது. சாலை போட நிலம் கேட்டு நோட்டீஸ் வந்தால், மதிப்பீடு பிறகு வரும் என்று காத்திராமல், நோட்டீசில் குறித்துள்ள கெடுவுக்குள் ஆட்சேபணையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

வீட்டுக்கு மணல் வேண்டாமா?

வேண்டும். விவசாயி வீடு கட்டவும் மணல் வேண்டும், கரும்பு வண்டி போக ரோடு வேண்டும், பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். மதிப்பீடு என்பது எதையும் வேண்டாம் என்று சொல்வதற்கு ஏற்பட்டதல்ல. எவ்வளவு ஆழம் தோண்டலாம், வாய்க்கால் தலைப்பிலிருந்தும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் எவ்வளவு தூரம் தள்ளித் தோண்ட வேண்டும், எத்தனை லாரி போகலாம், எந்தக் கிணறுகளை மாதாமாதம் அளந்து பார்க்க வேண்டும் என்று நிபந்தனை போடுவதற்கு ஏற்பட்டது. நிபந்தனை தெளிவாக இருந்தால் மீறலைப் பிடிக்கலாம். நிபந்தனையே தெரியாதவர் எதைக் காட்டிப் புகார் செய்வார்?

அனுமதி கிடைத்தவர் அதைப் பத்திரிகையில் விளம்பரம் செய்ய வேண்டும், நகலை உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஜூன் 1-ந் தேதியும் டிசம்பர் 1-ந் தேதியும் அறிக்கை தர வேண்டும். உள்ளாட்சி அலுவலகத்தில் நகல் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்திலும் விண்ணப்பம், அனுமதி எல்லாம் இருக்கும். வீட்டில் படித்த பையனோ பெண்ணோ இருந்தால் செல்போனில் எடுத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அனுமதி தவறு என்று தோன்றினால், அது தெரியவந்த 30 நாளுக்குள் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் கதவு மூடிவிடும். எனவே விளம்பரம் வந்த தேதியைக் குறித்து வைப்பது மிக முக்கியம்.

இன்றே தொடங்க வேண்டிய வேலை

கூட்டம் அறிவித்த பிறகு கிணற்றை அளந்தால் ஒரே ஒரு அளவுதான் கையில் இருக்கும். அது சாட்சி ஆகாது. ஆகவே குவாரி வருகிறதோ இல்லையோ, இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி வையுங்கள்.

திறந்த கிணறு வைத்திருப்பவர்கள் சுவரில் ஒரு இடத்தில் பெயிண்ட் அடையாளம் வையுங்கள். மாதம் முதல் தேதி காலையில், மோட்டார் போடும் முன், கல் கட்டிய கயிற்றை அந்த அடையாளத்திலிருந்து விட்டுத் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். போர் வைத்திருப்பவர்கள் எத்தனை அடி ஆழம், எந்த வருஷம் எத்தனை குழாய் கூடுதலாக இறக்கினீர்கள், ஒரு ஏக்கர் பாய எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எழுதுங்கள். போர் போட்ட ரசீதைத் தூக்கி எறிய வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவைப் பார்த்து, சீட்டை நோட்டில் ஒட்டி வையுங்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்த தேதியும் நின்ற தேதியும், ஏரி கலங்கல் வழிந்த நாளும் ஒரு பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரே ஊரில் பத்துப் பேர் இப்படி மூன்று வருஷம் எழுதினால், ஒரு வாரம் ஊரில் தங்கிவிட்டுப் போன ஆலோசகரின் அறிக்கையைவிட அது பலமான கணக்கு. கிராம சபையில் அதைப் படித்துத் தீர்மானம் போடலாம். மாதந்தோறும் கலெக்டர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுக்கலாம். கருத்துக் கேட்பில் எழுந்து படித்தால் அது வீடியோவிலும் குறிப்பிலும் ஏறும். தீர்ப்பாயத்திலும் அந்த நோட்டு பேசும்.

'நம்மள யாருங்க கேட்டாங்க?' என்று அந்த விவசாயி கேட்டார் அல்லவா? கேட்கும் நாள் ஒன்று வரும். விளம்பரத்தில் சின்ன எழுத்தில் வரும், 30 நாளில் போய்விடும். அன்றைக்கு நம் கையில் வெறும் கோபம் மட்டும் இல்லாமல் மூன்று வருஷத்துக் கிணற்றுக் கணக்கும் இருக்கட்டும். வரும் முதல் தேதி காலையில் கயிற்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போங்கள்.